பள்ளிக்கூட செட்டு கலையாமல் இருக்க: வாட்ஸ்அப்பா, பேஸ்புக்கா, இன்ஸ்டாவா?

தருமபுரியில் ஒரே வகுப்பில் படித்த செட்டு இன்று ஓசூர் சிப்காட், பெங்களூரு, திருப்பூர் என்று சிதறிக் கிடக்கிறது. அவர்களோடு தொடர்பில் இருக்க எந்த ஆப் நல்லது என்று கேட்டால், எதற்காக என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

தொலைந்துபோன ஆளைத் தேட பேஸ்புக்தான். கல்யாணமாகிப் போன தோழிகள் புரொஃபைலில் மாரியம்மன் படமோ குழந்தை படமோ வைத்திருப்பார்கள், பெயரோடு கணவர் பெயரும் சேர்ந்திருக்கும். நேராகத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். பொதுவான தோழி ஒருவரின் ஃப்ரெண்ட்ஸ் பட்டியலில் பார்த்தால் அகப்படுவார்கள். நட்பில் இல்லாதவருக்கு மெசேஜ் போட்டால் அது பெரும்பாலும் 'மெசேஜ் ரிக்வெஸ்ட்' பகுதியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பதில் வரவில்லை என்று கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை, அவர் பார்த்தே இருக்க மாட்டார்.

இன்ஸ்டா முகம் பார்க்க மட்டும். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர் இரண்டு நாள் திறக்காவிட்டால் உங்கள் குழந்தையின் காதுகுத்து அவருக்குத் தெரியாமலே போகும். இன்னொரு கோளாறு, ஸ்டோரிக்கு ஹார்ட் தட்டியதும் பேசிவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. பேசி வருஷமாகியிருக்கும்.

வாட்ஸ்அப் குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம். நாற்பதைத் தாண்டினாலே சந்தைதான். குட்மார்னிங் படம், அரசியல் பார்வேர்டு, நடுவில் ஒருவரின் அப்பா தவறிய செய்தி. காலையில் வந்தது மதியத்துக்குள் மேலே போய்விடும், அடக்கத்துக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள். இதற்கு ஒரே வழி, குரூப்பை இரண்டாகப் பிரிப்பது. அரட்டைக்கு ஒன்று. நல்லது கெட்டதுக்கு இன்னொன்று, அதில் அட்மின்கள் மட்டும் எழுதும்படி செட்டிங்கை மாற்றி, மூன்று பேரை அட்மினாக்குங்கள். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் ஷிப்டில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் சேதி வரும். கல்யாணப் பத்திரிகை போன்றதைச் சாட்டின் மேலேயே தெரியும்படி 'பின்' (pin) போட்டு 30 நாள் வரை வைக்கலாம். அரட்டை குரூப்பை மியூட்டில் போட்டு, மீடியா ஆட்டோ டவுன்லோடையும் நிறுத்துங்கள், போன் நிரம்பாது.

உண்மையில் நட்பு ஓடுவது குரூப்பில் அல்ல, தனிச் சாட்டில். எல்லோருக்கும் ஒரே சேதி தனித்தனியாகப் போக பிராட்காஸ்ட் லிஸ்ட் இருக்கிறது, ஒரு பட்டியலில் 256 பேர் வரை. பதிலும் தனியாகவே வரும், அங்கிருந்து பேச்சு வளரும். ஆனால் உங்கள் நம்பரைச் சேவ் செய்யாதவருக்கு அது போகவே போகாது. ஒற்றை டிக்கிலேயே நிற்கிறதா, முதலில் அதைக் கேளுங்கள்.

அஞ்செட்டி, சித்தேரி மலைப்பக்கம் இருப்பவரிடம் வீடியோ காலை நம்பாதீர்கள். ஒரு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் போதும், சிக்னல் எப்போது எட்டிப் பார்க்கிறதோ அப்போது போய்ச் சேரும்.

நம்பர் மாற்றுகிறவர்கள் வாட்ஸ்அப்பில் ஒன்று செய்ய வேண்டும். அக்கவுண்ட் செட்டிங்கில் 'சேஞ்ச் நம்பர்' போய்ப் பழைய எண், புது எண் இரண்டையும் கொடுத்தால் குரூப்புகள் அப்படியே இருக்கும், நண்பர்களுக்கும் தகவல் போகும்படி செய்யலாம். இதைச் செய்யாமல் புதிதாக ஏற்றினால், பழைய நம்பர் சில மாதத்தில் வேறொருவர் கைக்குப் போய்விடும். உங்கள் பிறந்தநாள் வாழ்த்தை வாங்கிக்கொண்டு அவர் 'நீங்க யாரு?' என்று கேட்பார்.