உப்புக்காற்றுக்கு எது தாங்கும்: ஜிப்சியா, எம்எம் 540-ஆ?

மண்டபத்தில் இருக்கும் என் மச்சானும் உச்சிப்புளியில் இருக்கும் நானும் 2018-ல் இரண்டு மாத இடைவெளியில் ஆளுக்கொரு பழைய ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்கும்) வண்டி வாங்கினோம். அவர் எடுத்தது 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங், கார்புரேட்டர் வண்டி. நான் எடுத்தது 1992 மஹிந்திரா எம்எம் 540 ஜீப். ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டில் ஒரு வண்டியின் அடியில் நாங்கள் இருவரும் படுத்திருப்போம். இரண்டு வண்டியின் போல்ட்டும் என் கைக்குப் பழக்கம். அதனால் "பழசு ஒண்ணு எடுத்துச் செய்யலாம்னு இருக்கேன், எதை எடுக்கலாம்?" என்று கேட்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடற்கரையில் குடியிருப்பவர் என்றால் எம்எம் 540-தான்.

தெரிந்த விஷயங்களை வேகமாக முடித்துவிடலாம். ஜிப்சி 1985 டிசம்பரில் 970 சிசி இன்ஜினோடு வந்தது. 1996-ல் வந்த கிங்கில் 1.3 லிட்டர், 5 கியர். 2000-க்குப் பிறகு எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் சென்சார் வைத்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை), 80 குதிரைத்திறன். எம்எம் 540-ல் இருப்பது பியூஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது; மொத்தம் 2112 சிசி. இரண்டுமே தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் வகை. முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால் கியர்கள் இறுகிக்கொள்ளும். இரண்டிலும் முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டைதான். உட்கார்ந்து போகிற சுகத்தைப் பார்ப்பவர்கள் இரண்டையும் எடுக்க வேண்டாம்.

மணலில் ஜிப்சியை அடிக்க முடியாது. இதை மறைக்க நான் விரும்பவில்லை. வண்டி மொத்தமே ஒரு டன்னை ஒட்டித்தான். சாயல்குடிப் பக்கம் பனங்காட்டு மணலில் டயர் காற்றை 30-லிருந்து 16-க்கு இறக்கிவிட்டு, இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை ஒரே சீராக வைத்தால், ஜிப்சி மணல்மேல் மிதந்து போகும். என் ஜீப் அதே தடத்தில் உழும். நின்றால் புதையும். மாட்டிக்கொண்ட ஜீப்பை மச்சான் கயிறு போட்டு இழுத்தது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. (ஒன்று சொல்லிவிடுகிறேன். பங்குனி ஆமை முட்டையிடும் கரைகளில் நாங்கள் வண்டியை இறக்குவதில்லை. மணல் ஓட்ட ஆசை என்றால் அதற்குப் பனங்காடும் காய்ந்த கண்மாயும் போதும்.)

ஒரு காலத்தில் தனுஷ்கோடிக்குப் போகவே ஃபோர் வீல் வேனும் ஜீப்பும்தான் வழி. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணலும் கடல்நீரும்தான். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டது. இப்போது ஸ்கூட்டரிலேயே போகலாம். ஆக, மணலில் போகும் திறமை மட்டும் பார்த்து வண்டி எடுக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. அந்த மணல்மேல் வீசும் உப்புக்காற்று போகவில்லை. நான் இழுத்து எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

காரைக்குடியில் 1953-லிருந்து இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்திலும் ஒரு மையம் இருக்கிறது. துருவைப் பற்றி ஆராய இதைவிடத் தோதான ஊர் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. இங்கே இரும்பு கெடுவது எல்லா ஊரையும் போல இல்லை. காற்றில் வரும் உப்பு தகட்டின்மேல் படிகிறது. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் அடிப்பக்கம் ஈரம்தான். இன்னொன்றைக் கவனித்திருக்கிறேன்: மழையில் நனையும் பகுதி அவ்வளவு கெடுவதில்லை. மழை உப்பைக் கழுவிவிடுகிறது. மழையே படாத இடம்தான் அரிக்கிறது. ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கு, மட்கார்டின் உள்மடிப்பு, அடிச்சட்டமான சேஸின்மேல் பாடி உட்காரும் இடம், அப்புறம் சேஸின் உள்பக்கம்.

அந்த உள்பக்கத்தில்தான் இரண்டு வண்டியும் பிரிகின்றன. ஜிப்சியின் சேஸ் நாலு பக்கமும் மூடிய பெட்டிச் சட்டம். உறுதிக்கு அது நல்லது. எடை குறைவாக இருந்தும் அது முறுக்குத் தாங்குவதற்கு அதுவே காரணம். என் ஜீப்பின் சேஸ் பெரும்பகுதி ஒரு பக்கம் திறந்த சட்டம், 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது போல. முன்பக்கம் கொஞ்ச தூரம் மட்டும் மூடியிருக்கிறது. மூடிய சட்டத்துக்குள் ஓட்டைகள் வழியாக மணலும் உப்புத் தண்ணீரும் போகும். போனது எளிதில் வெளியே வராது. திறந்த சட்டத்தில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மச்சானின் ஜிப்சியில் பின்பக்கம் 'நொறுக்'கென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஸ்பிரிங் மாட்டும் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும் என்று நினைத்துத்தான் தூக்கினோம். புஷ் நன்றாக இருந்தது. சேஸை முன்னாலிருந்து சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். 'டங்', 'டங்' என்று வந்த சத்தம், பின் ஸ்பிரிங் தொங்கும் இடத்துக்கு ஒரு சாண் முன்னால் 'தொப்' என்று மாறியது. பெயின்ட் கொஞ்சமும் உரியவில்லை. வெளியே பார்த்தால் புது வண்டி மாதிரி. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பனங்கிழங்கில் குச்சி இறங்குவது போல உள்ளே போனது.

அடியில் ஒரு ஓட்டை போட்டோம். முதலில் ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் கிண்டியதும் கருப்பும் பழுப்புமாக ஈரமணல் இறங்கியது, நடுநடுவே அப்பளத் துண்டு போலத் துருச்செதில்கள். கீழே விரித்திருந்த தினசரியில் குவிந்ததை வீட்டுத் தராசில் வைத்தால் ஒன்றரைக் கிலோ. மச்சான் அதில் ஒரு துளியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

"உப்புக் கரிக்குது மாப்ள."

"துப்புங்க மச்சான்."

அவர் துப்பிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எந்த வருஷத்து மணலோ அது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்பே அண்டர்கோட்டிங் அடித்துக் கொடுத்திருந்தார்கள். வெளியில் கனமாக அடித்த அந்தத் தார்ப்பூச்சு உள்ளே இருந்ததை இன்னும் நன்றாக மூடி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது. அரித்த பகுதியை வெட்டி எடுத்து, நல்ல இரும்பு வரும் வரை போனோம். நல்ல இரும்பு எங்கே ஆரம்பிக்கிறது என்பதே கேள்வியாகிவிட்டது. வெல்டிங் வைத்தால் பக்கத்துத் தகடு மெலிந்து ஓட்டையாகிறது. டேங்க்கை இறக்கி, பாடியைத் தூக்கி, இரண்டு பக்கமும் 4 மில்லிமீட்டர் பிளேட் வைத்து மூடினோம். வேலை சுத்தமாகத்தான் வந்தது. ஆனால் அந்த பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் சட்டத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று இன்றைக்கும் அவருக்கோ எனக்கோ பார்க்க வழியில்லை.

ஜீப்பிலும் துரு உண்டு, இல்லை என்று சொல்ல வரவில்லை. நான் வாங்கியபோதே பெடலுக்குக் கீழே தரை இல்லை; ரப்பர் மேட்டைத் தூக்கினால் ரோடு தெரிந்தது. பேட்டரித் தட்டு, சீட்டுக்கு அடியில் இருக்கும் சாமான் பெட்டி எல்லாம் போயிருந்தன. ஆனால் அதைச் சரிசெய்தது யார் தெரியுமா? எங்கள் ஊரில் வீட்டு கேட் அடிக்கும் பட்டறைக்காரர். 16 கேஜ் தகடு வாங்கிக் கொடுத்தேன். அட்டையில் அளவு வெட்டி, தகட்டில் வரைந்து, இரண்டே நாளில் தரையை அடித்துப் போட்டுவிட்டார். ஜீப்பின் பாடி முக்கால்வாசி தட்டையான தகடுதான். அதற்கு அச்சு வேண்டாம், பிரஸ் வேண்டாம். முழு பாடியே வேண்டுமென்றால் ஹரியானாவில் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் புதிதாக அடித்து விற்கிறார்கள். ஜிப்சியின் வளைவுகளையும் தரையில் ஓடும் வரித்தடங்களையும் கேட் பட்டறையில் கொண்டுவர முடியாது.

வருடா வருடம் புரட்டாசியில், மழை இறங்குவதற்கு முன்னால், நான் செய்வது இது. ஜீப்பை நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவி (எங்கள் போர் தண்ணீர் உப்பு, காவிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவுகிறேன்), இரண்டு நாள் காயவிட்டு, சேஸ் முழுவதும் கம்பி பிரஷ் போடுவேன். தெரிகிற துருவைச் சுரண்டி, ஜிங்க் பிரைமர் அடித்து, அதன்மேல் கருப்பு பெயின்ட். கடைசியாக கிரீஸைச் சூடாக்கி ஆயிலில் கரைத்து, ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கில் பிரஷ்ஷால் ஏற்றுவேன். ரப்பர் புஷ்ஷிலும் பிரேக் ஹோஸிலும் ஆயில் படக்கூடாது; பட்டால் ஊறிப்போகும். மொத்தம் மூன்று ஞாயிறு. செலவு பெரும்பாலும் பெயின்ட் டப்பாதான். எட்டு வருடம் நெருங்கப் போகிறது. சேஸில் ஒரு இடத்தில்கூட வெல்டிங் வைக்கவில்லை.

உப்பு ஒயரிங்கையும் விடாது. கனெக்டரில் பச்சை பூத்தால் கரன்ட் நிற்கும். பியூஜோ டீசலுக்கு ஹீட்டர் பிளக்குக்கும் ஸ்டார்ட்டருக்கும்தான் கரன்ட். ஓட ஆரம்பித்தால் பேட்டரியைக் கழற்றினாலும் ஓடும். என் வண்டியில் நிறுத்துவதற்கும் இழுக்கும் கேபிள்தான். எம்பிஎஃப்ஐ ஜிப்சியை நான் வைத்து ஓட்டியதில்லை. பாம்பனில் ஒரு நண்பர் வைத்திருந்தார், சென்சார் கனெக்டர்களை மாற்றி மாற்றிச் சலித்து விற்றுவிட்டார். ஒரே ஒரு வண்டியை வைத்து எல்லாவற்றையும் சொல்வது நியாயமில்லை. ஆகவே அதை இத்தோடு விடுகிறேன். கார்புரேட்டர் ஜிப்சியின் இன்ஜினைப் பற்றி எனக்குக் குறையே கிடையாது. எஸ்டீம் காருக்கு வந்த அதே குடும்பத்து இன்ஜின், சாமான் கிடைக்கும். ஆனால் அதன் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே தின்றுவிடும். கூலன்ட் தவிர வேறு எதையும் ஊற்றக்கூடாது.

டீசலுக்கு இந்தக் கரையில் இன்னொரு வசதி உண்டு. விசைப்படகு நிற்கிற ஊர் எல்லாவற்றிலும் டீசல் மெக்கானிக் இருப்பார். மண்டபத்தில் என் வண்டியின் டீசல் லைனில் காற்று ஏறியபோது, படகு இன்ஜின் பார்க்கும் அண்ணன் ஒருவர் பத்து நிமிடத்தில் காற்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். கார்புரேட்டர் டியூன் செய்ய மச்சான் மதுரை வரை போகிறார்.

மேம்படுத்தும் வேலையில் ஜீப்புக்குத்தான் செலவு அதிகம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஜிப்சி கிங்கில் முன்பக்கம் டிஸ்க் பிரேக் கம்பெனியிலிருந்தே உண்டு. என் வண்டியில் நாலும் டிரம். அதுவும் தண்ணீரில் இறங்கி ஏறினால் பிடிக்காது. பொலிரோவின் டிஸ்க்கும் பவர் ஸ்டியரிங்கும் மாட்டிய பிறகுதான் வீட்டில் மனைவி துணிந்து ஏறினார். பொலிரோ சாமான் ராமநாதபுரத்திலேயே கிடைப்பது பெரிய ஆறுதல். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்-பின்னின் பேரிங்கையும் அப்போதே மாற்றினேன். 60-ஐத் தாண்டினால் வந்த ஸ்டியரிங் ஆட்டம் அதோடு போனது. டயரில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கஷ்டம். சீமைக்கருவேல முள்ளுக்கு ஜிப்சி, ஜீப் என்ற பேதம் கிடையாது. பஞ்சர் கிட்டும் பம்ப்பும் இல்லாமல் தார் ரோட்டைவிட்டு இறங்காதீர்கள்.

பேப்பர் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே வெட்டி உயர்த்திய, நீட்டிய ஜீப்புகளைத் தொடாதீர்கள். ஆர்சியில் உள்ள இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் உரசிப் பார்த்து வாங்குங்கள். ஜீப்பில் இன்ஜின் மாற்றியது நிறைய வரும். சேஸ் நம்பர் துருவில் மங்கியிருந்தால் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) நிற்கும்போது அவஸ்தை.

விற்கும் விலையைப் பார்த்தால் ஜிப்சி முன்னே நிற்கிறது. உற்பத்தி நின்ற பிறகு நல்ல ஜிப்சிக்குக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள், மச்சானிடமே இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டார்கள். 2010-ல் வந்த மஹிந்திராவின் பழைய 'தார்' (Thar) சிஆர்டிஇ ஜீப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். 105 குதிரைத்திறன், ஓட்டுவதற்கு இரண்டையும்விட மேல். ஆனால் அது கம்ப்யூட்டர் வைத்த இன்ஜின், விலையும் வேறு. வீட்டு வாசலில் பிரித்துப் போடும் ஆசைக்கு அது பொருந்தாது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் உள்ளே இருப்பவர்களுக்கு நான் சொன்ன கணக்கே மாறலாம். அங்கே உப்புக்காற்று இவ்வளவு இல்லை. மழையில் ஊறிய கரிசலில் ஜிப்சியின் எடைக் குறைவு பெரிய லாபம்.

கடற்கரையில் இருந்துகொண்டு ஜிப்சிதான் வேண்டும் என்றால், பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். தரையில் பாய் விரித்துப் படுத்து, சேஸ் முழுவதும் சுத்தியலால் தட்டுங்கள். பின் ஸ்பிரிங் தொங்கும் இரண்டு இடத்திலும் கூடுதல் நேரம் எடுங்கள். விற்பவர் தட்டவிடவில்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். வாங்கிய பிறகு சேஸின் தாழ்வான இடங்களில் வடிகால் ஓட்டை போட்டு, நீளக் குழாய் வைத்து உள்ளே மெழுகுக் கலவை அடியுங்கள். மச்சான் இப்போது வருடத்துக்கு இரண்டு தடவை அதைச் செய்கிறார், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடங்கியதும் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை. போன தையில் ஓட்டையைத் திறந்தபோது கீழே விரித்த தினசரியில் விழுந்தது ஒரு கைப்பிடி மணல்தான், அதுவும் காய்ந்த மணல்.