வேலையும் வீடும் ஒரே ஆளு தர்றேன்னு வந்தா உஷாரா இருங்க (காரைக்குடி பக்கத்து ஆளுகளுக்கு)

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் சுத்துப்பட்டுல சமையல் செட்டுக்கு போறவுக, பாத்திரம் கழுவ போறவுக, சப்ளையர் வேலைக்கு போற பயலுக எல்லாரும் இத முழுசா படிச்சிருங்க. கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். எங்கள ஏமாத்துன ஏஜென்ட் பேரு போடல, கேஸ் நடக்குது, வக்கீலம்மா போடாதன்னுட்டாக. ஆனா எப்புடி வருவான் என்ன பேசுவான்னு சொல்றேன், ஏற்கனவே மாட்டுனவுகளுக்கு படிக்கும்போதே தெரிஞ்சுரும்.

எங்க வீட்டுக்காரவுக கல்யாண சமையல்ல மட்டன் மாஸ்டர். நானும் மாமியாவும் ஆர்டருக்கு மனகோலம், சீப்புச் சீடை, தேங்குழல் சுட்டு குடுப்போம். முகூர்த்த மாசம்னா ராவு பகலு தெரியாது, ஆடி, புரட்டாசி, மார்கழி வந்துட்டா அடுப்பே எரியாது. அதனால இங்க நெறைய செட்டு என்ன பண்ணுவாகன்னா சித்திரை வைகாசிக்கு கொடைக்கானல், ஆனி ஆடிக்கு குற்றாலம், கார்த்திகை பொறந்துட்டா ஐயப்பன் சீசனுக்கு கம்பம் குமுளி ரோட்டு மெஸ்ஸுன்னு கெளம்பிருவாக. இது புதுசு ஒண்ணுமில்ல, எங்க மாமனாரு காலத்துல இருந்து நடக்குறதுதான். புதுசா வந்தது இந்த மாதிரி ஏஜென்ட்டுகதான்.

இவன் பழைய பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில பழக்கமானவன். வெள்ளை வேட்டி, ரெண்டு போனு, எந்நேரமும் யாருகிட்டயாவது "ரூம் ரெடியாத்தா, நாளைக்கு வண்டி அனுப்புறேன்"னு பேசிக்கிட்டே இருப்பான். சீசன் வேலைக்கு ஆளு அனுப்புறது, வீட்டு புரோக்கர் வேலை, ரெண்டும் பாக்குறான். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சேத்து மாசம் 34,000, சாப்பாடு, தங்க ரூமு எல்லாம் ஓசின்னான். அதோட விட்டிருந்தா சரி. "ஏத்தா, வருசத்துல பாதி பூட்டிக் கெடக்குற வீட்டுக்கு எதுக்கு மாசம் 4,500 வாடகை கட்டுற? காலி பண்ணிரு, சாமானெல்லாம் என் குடோன்ல கெடக்கட்டும், சீசன் முடிஞ்சு வரும்போது ஒத்திக்கு நல்ல வீடு புடிச்சுத் தர்றேன், 3 லட்சம், கையில இருக்குறத குடு, மிச்சத்த சம்பளத்துல கழிச்சுக்கலாம்"னான். கேக்க எவ்வளவு நல்லாருக்கு பாருங்க. வாடகையும் இல்ல வட்டியும் இல்ல, போகும்போது முழுப்பணமும் திரும்பி வரும், அதான ஒத்தி. கையில ரொக்கம் இல்லாத குடும்பத்துக்கு சம்பளத்துல கழியும்னா யாருதான் வேணாம்பாக. நகைய வச்சு 1,20,000 குடுத்தோம். அதுல ஒரு லட்சம் ரொக்கம், 20,000 மட்டும் நான் ஜிபேல அனுப்புனேன், அனுப்பும்போது "வீட்டு ஒத்தி அட்வான்ஸ்"னு டைப் பண்ணி அனுப்புனேன். இன்னிக்கு ஸ்டேஷன்ல எங்களுக்காக பேசுறது அந்த ஒரு வரிதான்.

கொடைக்கானல்ல பெருசா தகராறு இல்ல, குளுருல மாமியா அனுப்புன கம்பளி பத்தல, அவ்வளவுதான். மாசம் 10,000 கையில குடுத்தான், மிச்சம் 24,000 "ஒத்திக் கணக்குல" வரவு. நோட்டுல எழுதிக் காட்டுவான்.

குற்றாலத்துலதான் ஆட்டம் ஆரம்பிச்சது. சிலம்பு எக்ஸ்பிரஸ்ல காரைக்குடியில ஏறி தென்காசியில எறங்குனோம், புள்ளையும் கூட. ரூமுன்னு சொன்னது மெஸ்ஸு மாடியில தகரக் கொட்டகை, நாலு குடும்பத்துக்கு ஒரு பாத்ரூம். சாரல் அடிக்கிறப்ப நல்லாத்தான் இருக்கும், துணிதான் காயவே காயாது, ஈர வாடையோடயே போட்டுக்கிட்டு கெடந்தோம். அருவியில தண்ணி ஜாஸ்தியாகி குளிக்க தடை போட்டா கூட்டம் வராது, கூட்டம் வரலேன்னா "இன்னிக்கு யாவாரம் இல்ல, பாதிச் சம்பளம்"பான். சரி, தண்ணி வராம வெயிலடிச்சா? அன்னிக்கும் பாதிச் சம்பளம். தண்ணி வந்தாலும் கழிவு, வராட்டியும் கழிவு. இதெல்லாம் பேச்சு பேசும்போது ஒரு வார்த்த சொல்லல, மாசச் சம்பளம்னுதான் பேச்சு.

அந்த நோட்டப் பத்தி சொல்லணும். லாங் சைஸ் கணக்கு நோட்டு, ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பத்து (நம்ம கணக்குல கழிக்கிறது). வரவுல ஒரே ஒரு வரி, பத்துல பாத்தா ரூம் கரண்டு, சிலிண்டர் பங்கு, ஒடஞ்ச கிளாஸு, தென்காசி ஆஸ்பத்திரிக்கு போன ஆட்டோ, "கோயில் வரி"ன்னு கூட ஒண்ணு இருந்துச்சு, எந்தக் கோயிலோ. பக்கத்துக்கு கீழ நம்ம கையெழுத்து, ஆனா கையெழுத்து வாங்கும்போது மேல பாதிப் பக்கம் காலியா இருக்கும், அப்புறமா நெரப்பிக்குவான். எங்க வீட்டுக்காரவுக போன்ல போட்டோ எடுக்கப் போனாக, "என்ன மாஸ்டர், நம்பிக்க இல்லையா"ன்னு நோட்ட மடக்கிட்டான். எங்க கணக்க எங்களுக்கு எழுதிக் குடுன்னா தேதி காலண்டர்ல ஒரு தாளக் கிழிச்சு பின்னாடி ரெண்டு நம்பர எழுதி நீட்டுனான். அதையும் பத்திரமா வச்சிருக்கேன்.

ஆதார் ஒரிஜினல் வேற வாங்கி வச்சுக்கிட்டான், போலீஸ் வெரிபிகேஷனாம். அதுக்கு ஜெராக்ஸ் போதும், ஜெராக்ஸ் மேலயும் எதுக்கு குடுக்குறோம்னு எழுதி தேதி போட்டு குடுங்க. ஒரிஜினல் ஒருத்தன் கையில இருந்தா நீங்க நெனச்ச நேரத்துல கெளம்ப முடியாது. அட்வான்ஸையும் கார்டையும் வச்சுக்கிட்டு ஆளப் போக விடாம வேலை வாங்குறது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள்ளயே வரலாம்னு வக்கீலம்மா பின்னாடி சொன்னாக, எங்களுக்கு அப்ப அது தோணவே இல்ல, கொத்தடிமைன்னா செங்கச் சூளையில கெடக்குறவுகன்னுதான் நெனப்பு.

புள்ள விஷயத்துலயும் பொய். "டிசி இல்லாம எந்த ஸ்கூல்லயும் சேக்க மாட்டாங்க, சீசன் முடியிற வரைக்கும் இங்கனயே இருக்கட்டும், வெங்காயம் உரிக்கட்டும்"னான். நாலாப்பு படிக்கிற புள்ள. பக்கத்து அரசுப் பள்ளி டீச்சர் ஒருத்தவுக மெஸ்ஸுக்கு பார்சல் வாங்க வந்தவுக, புள்ளயப் பாத்துட்டு, "யாரு சொன்னா? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி டிசி வர்றதுக்கு லேட்டாகுதுன்னு சேக்காம இருக்கக் கூடாது, எமிஸ் நம்பர் (புள்ளைக்கு ஸ்கூல்ல குடுத்த அடையாள நம்பர்) இருந்தா நாங்களே பாத்துக்குவோம்"னு அடுத்த நாளே சேத்துக்கிட்டாக. மதியச் சாப்பாடு, புத்தகம் எல்லாம் கெடச்சது. இந்த ஒரு வருசத்துல ஒரு நல்ல மனுசியப் பாத்தோம்னா அவுகதான். ரேஷனும் அப்புடித்தான், தமிழ்நாட்டுக்குள்ள எந்தக் கடையிலயும் கைரேகை வச்சு அரிசி வாங்கிக்கலாம், 2020 அக்டோபர்ல இருந்தே இருக்கு, ஊருக்கு வந்துதான் வாங்கணும்னு எவனாவது சொன்னா நம்பாதீக.

ஆவணியில திரும்பி வந்தோம். குடோன்ல இருந்து சாமான் வந்துச்சு, கிரைண்டரும் மாமியாவோட பித்தளை அண்டாவும் வரல. கேட்டா "தேடிச் சொல்றேன்". சரி வீட்டயாவது காட்டுன்னோம். கூட்டிட்டுப் போனான் பாருங்க, ஒரு பெரிய செட்டியார் வீட்டுக்கு! முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. முகப்பு, வளவு (நடு முற்றம்) எல்லாம் பூட்டிக் கெடக்கு, பின்கட்டு அடுப்படிப் பக்கத்துல ரெண்டு ரூமு எங்களுக்காம். ஆத்தங்குடிக் கல்லு தரை, காலு வச்சா சில்லுன்னு இருக்கு. வீட்டப் பாத்துக்கிற ஆளு ஒருத்தரு சாவிக்கொத்தோட நின்னாரு. "செட்டியார் மலேசியாவுல இருக்காக, எங்கிட்டதான் பொறுப்பு"ன்னாரு. 100 ரூபா பத்திரத்துல ஒரு ஒப்பந்தம், பத்திரம் ஏஜென்ட் பேருல வாங்குனது, "மேற்படி வீட்டின் பின்பகுதி"ன்னு மட்டும் போட்டிருக்கு. கதவு நம்பர் இல்ல, சர்வே நம்பர் இல்ல, செக்குபந்தி (நாலு பக்க எல்லை) இல்ல, ஓனர் கையெழுத்தும் இல்ல. கையெழுத்து எங்கன்னு கேட்டதுக்கு "அவுக பொங்கலுக்கு வருவாக, அப்ப போடுவாக"ன்னு ரெண்டு பேரும் ஒரே வாய்ல சொன்னாக.

நம்ம ஊருக்காரவுகளுக்கு தெரியும், இந்த வீடுகள் ஒருத்தருக்கு சொந்தம் கெடையாது. அண்ணந்தம்பி, அவுக மகன்க, பேரன்கன்னு குடும்பத்துக்கு ஒரு புள்ளின்னு புள்ளிக் கணக்குல பங்கு இருக்கும், வளவச் சுத்தி ஆளுக்கொரு அறை, வளவு எல்லாருக்கும் பொது. மத்த பங்காளிகளக் கேக்காம ஒருத்தரு ஒரு ஆணி கூட அடிக்க முடியாது. அப்புறம் எப்புடி வீட்டப் பாத்துக்கிறவரு ஒத்திக்கு விட முடியும்? ஆனா பூட்டிக் கெடக்குற வீடு, சாவி வச்சிருக்குற ஆளு, கூட ஒரு ஏஜென்ட்டு, இந்த மூணும் சேந்தா வெளியில இருந்து பாக்குறவுகளுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும். இந்த ஊருல இப்புடி பூட்டிக் கெடக்குற வீடு எத்தன இருக்குன்னு யோசிங்க.

கார்த்திகையில மாமியாவையும் புள்ளயையும் அந்த வீட்டுல விட்டுட்டு நாங்க கம்பம் போனோம். அது தனிக் கத, ராத்திரி ரெண்டு மணிக்கு சாமிமாரு பஸ்ஸு வந்து நிக்கும், இட்லி எடுத்துக்கிட்டே இருக்கணும், முதுகு ஒடிஞ்சுரும். மகரஜோதி முடிஞ்சு தையில திரும்பி வந்து கணக்கு கேட்டா, கழிவு போக ஒத்தியில இன்னும் 52,000 பாக்கின்னான், குடுத்துட்டா பத்திரத்த ரிஜிஸ்டர் பண்ணிருவோம்னான்.

மாசியில படைப்புக்கு (முன்னோர்களுக்கு படைச்சு கும்புடுறது) அந்த வீட்டு ஓனருக வந்து எறங்கிட்டாக. விடியக்காலை ரெண்டு காரு, சென்னையில இருந்து. முன்கதவத் தொறக்குற சத்தம் கேட்டு நான் வளவுப் பக்கம் போறேன், ஒரு ஆச்சி, எழுபது வயசு இருக்கும், கையில சாவியோட நிக்கிறாக.

"யாரு ஆத்தா நீ?"

"ஒத்திக்கு இருக்கோம் ஆச்சி, பின்கட்டுல."

"ஒத்தியா? எங்க வீட்டயா? ஆரு குடுத்தா?"

எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. நான் அந்தப் பத்திரத்த எடுத்துட்டு வந்து காட்டுனேன். ஆச்சி கண்ணாடியப் போட்டு முழுசாப் படிச்சாக, ஒரு சத்தம் போடல. "இதுல எங்க பங்காளி ஒருத்தர் பேரு கூட இல்லையே ஆத்தா"ன்னாக. அவுக மகனுக்குத்தான் கோவம், உடனே காலி பண்ணச் சொன்னாக, நியாயந்தான், அவுக எடத்துல இருந்தா நானும் அதத்தான் சொல்லிருப்பேன். ஆச்சிதான் "படைப்பு முடியட்டும், பச்சப்புள்ள இருக்கு"ன்னு நிறுத்தி வச்சாக. வீட்டப் பாத்துக்கிறவரு அன்னிக்கே போன ஆப் பண்ணிட்டு ஓடிட்டாரு.

ஸ்டேஷன்ல மொதல்ல "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்கு போங்க"ன்னுட்டாக. சிவகங்கை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல போயி உக்காந்தேன். பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா வக்கீல் குடுப்பாக, 15100க்கு போன் போட்டும் கேக்கலாம். அந்த வக்கீலம்மாதான், அடுத்தவுக வீட்ட தன் வீடு மாதிரி காட்டி பணம் வாங்குனா அது ஏமாத்து, பழைய 420, இப்ப புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 318ன்னு எழுதிக் குடுத்தாக. அப்புறம்தான் ஸ்டேஷன்ல மனு வாங்கி ரசீது குடுத்தாக. சம்பளப் பாக்கிக்கு தொழிலாளர் துறையில தனி மனு. ஏஜென்ட்ட கூப்பிட்டு விட்டதுல 50,000 கட்டிருக்கான், மிச்சத்துக்கு வாய்தா. அண்டா இன்னும் வரல.

ஒத்திக்கு போறவுக இத மட்டும் பாத்துக்கோங்க: 100 ரூபாய்க்கு மேல எந்த ஒத்தியா இருந்தாலும் ரிஜிஸ்டர் பண்ணாத்தான் செல்லும், 1882 சொத்து மாற்றுச் சட்டத்துல இருக்கு, நோட்டரி கையெழுத்தெல்லாம் கணக்குல வராது. வில்லங்கம் (சொத்து மேல பதிவான கிரயம், அடமானம் விவரம்) பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் வெப்சைட்டுல காசில்லாம பாக்கலாம், ஆனா நம்ம பக்கத்து பழைய வீடுக தலமுறையா கை மாறாம இருக்குறதால வில்லங்கத்துல ஒண்ணுமே காட்டாது, அத பாத்துட்டு "கிளியரா இருக்கு"ன்னு நெனச்சுராதீக. பட்டா எடுத்துப் பாருங்க. கூட்டுப் பட்டாவா இருந்தா அதுல இருக்குற அத்தன பேரும் சம்மதிச்சு கையெழுத்து போடணும், இல்ல அவுக எழுதிக் குடுத்த பவர் இருக்கணும். சாவி வச்சிருக்கவுக கிட்ட பேசாம ஓனர் கிட்ட வீடியோ கால்லயாவது பேசிருங்க. வேலை குடுக்குற ஆளு கிட்ட வீட்டுப் பணத்த குடுக்கவே குடுக்காதீக, சம்பளத்த மாசா மாசம் உங்க அக்கவுண்ட்டுல போடச் சொல்லுங்க, அதுக்கு ஒத்து வரலேன்னா அந்த சீசன் போனாப் போகுதுன்னு விட்டுருங்க.

இவன் இப்ப வேற நம்பர் வச்சுக்கிட்டு கொடைக்கானலுக்கு ஆளு புடிக்கிறான், கோவிலூர் பக்கம் ரெண்டு குடும்பத்துக்கிட்ட இதே ஒத்திப் பேச்சு பேசிருக்கான்னு கேள்விப்பட்டேன். இவன்கிட்ட பணம் குடுத்தவுக இருந்தா பத்திரம், ஜிபே ஸ்கிரீன்ஷாட், துண்டுச் சீட்டு எது இருந்தாலும் ஜெராக்ஸ் போட்டு எடுத்துக்கிட்டு வர்ற திங்கக்கிழமை காலையில 10 மணிக்கு சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு வந்துருங்க. நாங்க மனுவோட அங்கதான் இருப்போம், தனித்தனியா குடுக்குறத விட சேந்து குடுத்தா ஸ்டேஷன்ல வேகமா நகரும்னு வக்கீலம்மா சொல்லிருக்காக.