காரைக்குடியில் ஈஆர், பிஆர் பரிசோதனை: ரிப்போர்ட் அருமை, டப்பா சுமார்

மார்பகப் புற்றுக் கட்டியில் ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிப் புரதங்களான ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பிஆர் (புரோஜெஸ்டரோன் ஏற்பி), வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 புரதம் மூன்றையும் ஊரிலேயே பார்த்துத் தரும் லேப் இது. தேவகோட்டை, திருமயம் பக்கத்துக் கட்டிகளும் இங்கே வருகின்றன. மதுரைக்கு அனுப்பிவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டாம், அதுவே பெரிய உபகாரம்.

ரிப்போர்ட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘பாசிட்டிவ்’ என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காமல், எத்தனை சதவீத செல் உட்கருக்களில் நிறம் ஏறியது, எவ்வளவு அடர்த்தி, இரண்டுக்கும் சேர்த்துப் போடும் ஆல்ரெட் ஸ்கோர் 8க்கு எத்தனை என்று எல்லாம் வருகிறது. ஈஆர் 1 சதவீதம் இருந்தாலே பாசிட்டிவ். 1 முதல் 10 வரை ‘குறைந்த பாசிட்டிவ்’ என்று தனியாகக் குறிக்கிறார்கள். ஹெர்-2 இரண்டு பிளஸ் என்று இரண்டுங்கெட்டானாக வந்தால், மரபணுவையே எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை பார்க்கச் சொல்கிறார்கள். பக்கத்திலுள்ள நல்ல பால்நாளத்தில் நிறம் ஏறியதா என்றும் ஒரு வரி உண்டு. முதலில் அதைப் படியுங்கள். இயல்பாகவே நிறம் ஏற வேண்டிய நல்ல நாளமும் வெளுத்துக் கிடந்தால் அந்த நெகட்டிவை நம்ப முடியாது.

சறுக்குவது கட்டியை வாங்கும் இடத்தில். டப்பாவின் வாய் குறுகல். மெத்தென்று உள்ளே போகும் கட்டி, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் இறுகிய பிறகு வெளியே வராது. கட்டியைப் போல 10 மடங்கு, 10 சதவீத பஃபர் ஃபார்மலின் வேண்டும். இவர்கள் ஊற்றித் தருவது கட்டி முங்கத்தான் காணும். பெரிய கட்டியை 5 மில்லிமீட்டர் இடைவெளியில் கீறிப் போடாவிட்டால், ஃபார்மலின் நடுவே இறங்குவதற்குள் உள்சதை கெட்டு ஏற்பிப் புரதமும் சிதைந்துவிடும். பாசிட்டிவ் கட்டி நெகட்டிவாக வந்து நிற்பது பெரும்பாலும் இப்படித்தான். அந்த நோயாளிக்கு ஹார்மோனை மறிக்கும் மாத்திரையே கிடைக்காது.

கட்டியை எடுத்த 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேற்படாமல் ஊற வேண்டும். படிவத்தில் இந்த நேரங்களுக்குக் கட்டமே இல்லை. ஞாயிறு விடுமுறை வேறு. வெள்ளி மதியம் போட்ட கட்டியைத் திங்கள் மாலை எடுத்தால் கெடு தாண்டிவிடும். டப்பாவின் மேல் நேரத்தை எழுதச் சொல்லி ஆபரேஷன் தியேட்டரிலேயே கேட்டு வாங்குங்கள்.

ரிப்போர்ட்டோடு ஒரு துண்டுத்தாளும் தருகிறார்கள்: இனிப்பை நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து சாகுமாம். இவ்வளவு தெரிந்த லேபுக்கு இது அழகில்லை. ஈஆர் பாசிட்டிவ் கட்டியில் ஈஸ்ட்ரோஜன் தன் ஏற்பியோடு சேர்ந்து, செல்லைப் பெருகவைக்கும் மிக், சைக்ளின் டி1 மரபணுக்களை முடுக்குகிறது. செல் குளுக்கோஸையும் குளூட்டமினையும் கூடுதலாக இழுத்துப் புதுச் செல்லுக்கு வேண்டிய கொழுப்பும் டிஎன்ஏவும் செய்துகொள்கிறது. கவுனி அரிசியைத் தொடாமல் இருந்தாலும் கல்லீரல் ரத்தத்தில் குளுக்கோஸை விட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த ஹார்மோன் ஏவலை மறிப்பது தினம் 20 மில்லிகிராம் டமாக்சிஃபென். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் 2.5 மில்லிகிராம் லெட்ரோசோல்.

சர்க்கரை நிஜமாகவே கவலை தரும் இடம் வேறு. செல்லுக்குள் வளர்ச்சிச் சேதி போகும் பிஐ3கே வழியை அடைக்கும் அல்பெலிசிப் என்ற புற்று மாத்திரை சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை எகிறும். அதற்கு ஈடாகச் சுரக்கும் இன்சுலின், மருந்து அடைத்த வழியையே மறுபடி திறந்துவிடக்கூடும். துண்டுத்தாளில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

கட்டியின் சதையை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கைக் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருகிறார்கள். வாங்கி வையுங்கள், அல்பெலிசிப் பொருந்துமா என்று அறியப் பின்னால் பிக்3சிஏ மரபணு பார்க்க அதுதான் வேண்டும். மெழுகு என்பதால் வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.