செரோ 225: ரோட்டில் ஓடிப் பழகியவருக்கு முதல் ட்ரெயில் பைக்

பழைய யமஹா செரோ 225 ஒன்றை வாங்கி ஒரு மாரியும் கடந்துவிட்டது. இப்போது துணிந்து சொல்லலாம். பல வருடம் தார் ரோட்டில் ஓடிய ஒருவர் முதல்முதலாக ட்ரெயில் பைக், அதாவது மண் பாதைக்கும் காட்டுத் தடத்துக்கும் என்று செய்த பைக், எடுக்கிறார் என்றால், திருகோணமலை மாவட்டத்து மணலுக்கும் கிறவலுக்கும் சுரிக்கும் இதைவிடப் பொருத்தமான வண்டியை நான் காணவில்லை. குறைகளும் உண்டு, அதையும் எழுதுகிறேன்.

முதலில் என் தேவை என்ன என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். கால்நடைத் துறையில் எனக்கு வெளிக்கள வேலை. பெரும்போக வேளாண்மை தொடங்கிவிட்டால் வயல் பக்கம் மாடு நிற்க முடியாது, பட்டிகள் காட்டோரத்துக்குப் போய்விடும். குச்சவெளி, திரியாய், தென்னமரவடி, இந்தப் பக்கம் பன்குளம் என்று பட்டி நிற்கும் இடத்துக்கு நாங்கள்தான் போகவேண்டும். செயற்கைச் சினைப்படுத்தலுக்குப் போகிற நாட்களில் பின்னால் திரவ நைதரசன் குடுவை கட்டியிருக்கும். உள்ளே மைனஸ் 196 பாகை குளிர். அது நிமிர்ந்தே இருக்கவேண்டும். வண்டி சரிந்தால் குடுவையும் சரியும், நைதரசன் கொட்டும், உறைவிந்து பழுதாகும். ஒரு பசு சினைப்பருவத்தில் நிற்பது சில மணித்தியாலங்கள்தான். அதைத் தவறவிட்டால் மாட்டுக்காரர் இன்னும் 3 கிழமை காத்திருக்க வேண்டும். ஆகவே எனக்கு இலேசில் விழாத வண்டி வேண்டும். விழுந்தால் நான் தனியே தூக்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும்.

கண்டி, ஹபரணை, யாழ்ப்பாணம் என்று 150 சிசி ரோட்டுப் பைக்கில் நான் போகாத பக்கம் குறைவு. ரோட்டை விட்டு இறங்காத வரைக்கும் அந்த வண்டியில் ஒரு குறையும் இல்லை. புல்மோட்டை வீதி இப்போது காப்பெற் ரோட்டு. ஆனால் அதிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் கொஞ்சத் தூரத்திலேயே மணல். காட்டுப் பக்கம் திரும்பினால் கிறவல், அதற்கப்பால் குளக்கட்டு, வாய்க்கால் வரம்பு, மாடு மிதித்துக் குழி விழுந்த சேற்றுத் தடம். 17 அங்குலச் சில்லு அந்தக் குழிக்குள் இறங்கி நின்றுவிடும், 21 அங்குலச் சில்லு அதன் மேலால் ஏறிப்போகும். ட்ரெயில் பைக்குகளின் முன் சில்லு பெரிதாக இருப்பது இதற்காகத்தான்.

ரோட்டில் ஓடியவர் வண்டி பார்க்கப் போனால் முதலில் கேட்பது எத்தனை சிசி, பிக்கப் எப்படி, எவ்வளவு வேகம் போகும் என்றுதான். நானும் அப்படித்தான் 250 சிசி வண்டிகளில் தொடங்கினேன். கிண்ணியாவில் ட்ரெயில் பைக் வேலை செய்கிற ஒரு நானாவிடம் விசாரித்தபோது அவர் சிசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டு காலும் முட்டுமா எண்டு முதல்ல பாருங்க. மணலுக்க நிண்டுட்டா கால்தான் ஸ்டாண்டு" என்றார். என் உயரம் 5 அடி 5 அங்குலம். அந்த ஒரு பேச்சோடு என் பட்டியல் பாதியாகக் குறைந்தது.

கும்புறுப்பிட்டியில் கடற்கரைக்கு இறங்கும் ஒரு தடம் இருக்கிறது. பனைகளுக்கு நடுவே போகும். மழை முடிந்த கையோடு மணல் இறுகிக் கிடக்கும், கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மாவாகிவிடும். அதற்குள் முன் சில்லு இறங்கியதும் ஹேண்டில் இடமும் வலமும் அலையும். ரோட்டில் பழகிய கை உடனே அக்சிலேற்றரை மூடும், விரல் முன் பிறேக்கைத் தேடும். மூடியதும் பாரம் முழுவதும் முன்னுக்கு வரும், சில்லு புதையும், ஆள் ஹேண்டிலுக்கு மேலால் போவார். செய்யவேண்டியது இதற்கு நேர் எதிர். ஃபுட்ரெஸ்டில் எழும்பி நின்று, இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோய், முழங்காலால் டாங்கியைப் பிடித்து, கைப்பிடியைத் தளர்த்தி, அக்சிலேற்றரை ஒரே அளவில் திறந்தபடி வைத்திருக்க வேண்டும். முன் சில்லு அதுபாட்டுக்கு அலையட்டும், பின் சில்லு தள்ளிக்கொண்டு போகும். கண் முன் சில்லைப் பார்க்கக்கூடாது, 20, 30 மீற்றர் முன்னால் பார்க்கவேண்டும்.

வாசிக்க இலகு. ஆனால் பல வருடம் கையில் ஊறிய பழக்கத்தை மாற்றுவது புதிதாக பைக் பழகுவதைவிடக் கடினம். பழகி முடியும் மட்டும் வண்டி நிற்கும், சரியும், விழும். அந்தக் காலத்தில் உயரமும் பாரமும் பலமும் கூடிய வண்டி கையில் இருந்தால் பயம்தான் கூடும், பயந்தால் கை மறுபடியும் அக்சிலேற்றரை மூடிவிடும். என் தெரிவுக்கு அடிப்படையே இதுதான்.

பார்த்த வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பஜா எங்கள் நாட்டில் ட்ரெயில் பைக் பிரியர்கள் எல்லோருக்கும் கனவு வண்டி. இரண்டு பெரிய ஹெட்லைற், பெரிய டாங்கி, நல்ல பலம். இருக்கை உயரம் 87 சென்ரிமீற்றரை ஒட்டும், பெற்றோல் நிரப்பினால் 130 கிலோவுக்குக் குறையாது. ஏறி உட்கார்ந்தபோது எனக்கு இரண்டு பக்கமும் கால் நுனிதான் பட்டது. 5 அடி 9, 10 உள்ளவர் என்றால் தயங்காமல் பார்க்கலாம். கவசாக்கி கேஎல்எக்ஸ் 250 அதைவிடச் சற்று உயரம், தண்ணீரால் குளிர்விக்கும் என்ஜின், விழுந்தால் ரேடியேற்றரைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

இந்தியாவின் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நல்ல வண்டி. முன் 21, பின் 18 அங்குலச் சில்லு, 82 சென்ரிமீற்றர் இருக்கை, 220 மில்லிமீற்றர் தரை இடைவெளி, 13 லீட்டர் டாங்கி. ஜப்பான் பழசுகளைப்போல வயதானதும் அல்ல. நாளில் முக்கால்வாசி ரோட்டிலும் மீதி கிறவலிலும் ஓடுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் நிறை 150 கிலோவுக்கு மேல். குளக்கட்டுச் சரிவில் அது படுத்துவிட்டால் தனி ஆளாக நிமிர்த்துவது பெரும்பாடு, வெயில் நேரத்தில் இன்னும் மோசம்.

சுசுகி ஜெபல் 200 மட்டும் கடைசிவரை என் மனதில் நின்றது. இருக்கை செரோ அளவுதான், 13 லீட்டர் டாங்கி, முன்னால் பெரிய வட்ட ஹெட்லைற். நான் பார்த்த நேரத்தில் சுத்தமான வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்த விமர்சனம் ஜெபலைப் பற்றியதாக இருந்திருக்கவும் கூடும்.

சரி, செரோவுக்கு வருவோம். மலைப்பாதையில் காலையும் ஊன்றி ஊன்றி ஏறுகிறவர்களுக்கென்று யமஹா 1985இல் ஜப்பானில் விட்ட வண்டி இது. 223 சிசி, காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், 6 கியர், 20 குதிரை வலு. இருக்கை 81 சென்ரிமீற்றர். பெற்றோல் இல்லாமல் நிறை 110 கிலோவுக்கும் உள்ளே. தாளில் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அதன் அருமை தெரிவது நடக்கும் வேகத்தில். முதல் கியர் அவ்வளவு தாழ்வு. கிளச்சை அமத்தாமலே மாட்டுக்குப் பின்னால் அடி அடியாகப் போகலாம், என்ஜின் திணறாது. ஹேண்டில் இரண்டு பக்கமும் வெகுதூரம் திரும்பும். பற்றைக்குள் ஒற்றையடிப் பாதை அடைபட்டுப் போனால் இறங்கித் தள்ளாமல் நின்ற இடத்திலேயே திருப்பிவிடலாம். திரியாய்ப் பக்கம் ஒரு குளக்கட்டில் வான் பாய்கிற இடத்தில் தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே ஓடிக்கொண்டிருந்தது. பட்டிக்காரர் எதிர்க்கரையில் நின்று "சேர், வர ஏலாது, நில்லுங்க" என்று சத்தம் போட்டார். இறங்கி நடந்து பார்த்தேன், அடியில் கல் இறுக்கமாக இருந்தது. பிறகு முதல் கியரில், இரண்டு காலையும் தொங்கவிட்டுத் தொட்டுத் தொட்டுக் கடந்தேன். குடுவை ஆடவே இல்லை. உயரமான வண்டியில் நான் அதைச் செய்திருக்க மாட்டேன்.

பிறேக் பற்றி ஒரு சொல். ரோட்டில் நிறுத்துவது பெரும்பாலும் முன் பிறேக். கிறவலில் முன் பிறேக்கை அழுத்திப் பிடித்தால் சில்லு வழுக்கி வண்டி உடனே படுக்கும். பின் பிறேக்கால் வேகத்தை இறக்கி, முன் பிறேக்கை ஒரு விரலால் மட்டும் தொடவேண்டும். பிறேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் செரோவில் கிடையாது. கிறவல் இறக்கத்தில் பின் சில்லைக் கொஞ்சம் இழுபடவிட்டு இறங்க அது வசதி. நனைந்த தார் ரோட்டில் கவனம் தேவை.

இனிக் குறைகள். டாங்கி சிறியது, பழைய மாதிரிகளில் 10 லீட்டரும் கொள்ளாது. எனக்கு லீட்டருக்கு 30 கிலோமீற்றர் அளவில் கிடைப்பதால் பெரிதாகத் தெரியவில்லை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர் மட்டும் கிடைத்த காலத்தை நினைத்தால் இது ஒரு வரப்பிரசாதம். ஹெட்லைற் வெளிச்சம் குறைவு. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில், பன்குளத்துக்கும் ஹொரவப்பொத்தானைக்கும் இடையில் இரவில் யானை ரோட்டில் நிற்கும். அந்த வெளிச்சத்தை நம்பி இரவில் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் எல்ஈடி பல்ப் போட்டேன், அதன் பிறகும் பொழுது படுவதற்குள் திரும்பிவிடுகிறேன். மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் என்ஜின் சத்தம் போடத் தொடங்கும். இருக்கை ஒடுக்கம், கண்டி வரைக்கும் போனால் நோகும். மனைவியை ஏற்றிக்கொண்டு ரவுணுக்குள் போகலாம், அதற்கு மேல் அவருக்கு வசதிப்படாது.

வாங்குவதுதான் உண்மையான சிக்கல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகளே கை மாறிக் கை மாறி விலை ஏறின. ஒன்றின் என்ஜினை இன்னொன்றின் சேசிஸில் போட்டுப் பொருத்திய வண்டிகளும் அதற்குள் கலந்து வரும். விலை பேசுவதற்கு முதல் பதிவுப் புத்தகத்தைக் கையில் வாங்கி, என்ஜின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்கவேண்டும். துணியால் துடைத்து, டோர்ச் அடித்துப் பார்க்கவேண்டும். எனக்குக் காட்டப்பட்ட வண்டி ஒன்றில் என்ஜின் இலக்கத்தின் மேல் புதுப் பெயின்ற். சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன், விற்க வந்தவர் விடவில்லை. அத்தோடு வந்துவிட்டேன்.

வண்டியை விடியற்காலை போய்ப் பார்ப்பது நல்லது. என்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின் சோக் இழுத்து எப்படி எழும்புகிறது, நீலப் புகை வருகிறதா என்பதுதான் முக்கியம். டாங்கி மூடியைத் திறந்து உள்ளே வெளிச்சம் அடியுங்கள். துரு இருந்தால் அது காபரேற்றரை அடைத்துக்கொண்டே இருக்கும். முன் ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டி எண்ணெய் கசிவு பாருங்கள். அப்புறம் யாரையாவது கொண்டு வண்டியைத் தூக்கிப் பிடித்து, பின் சில்லை மேலும் கீழும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்றால் சஸ்பென்ஷன் இணைப்பில் புஷ் தேய்ந்திருக்கிறது. ரோட்டில் ஓடுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை, ட்ரெயில் பைக்கில் முதலில் போவது அதுதான். எங்கள் ஊரில் ஆரைக் கம்பிகளையும் பார்க்கவேண்டும், கடற்காற்று அவற்றைத்தான் முதலில் தின்னும்.

உதிரிப்பாகங்கள் திருகோணமலையில் எல்லாம் கிடைக்காது. கேபிள், செயின், பிறேக் பேட் இங்கேயே பொருந்தக்கூடியது எடுக்கலாம். மற்றதற்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைதான். பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னால் மறுநாள் கையில் கிடைக்கும்.

வாங்கியபின் நான் செலவழித்தது மூன்றுக்குத்தான். கட்டை போட்ட ரயர் ஒரு சோடி, என்ஜினுக்கு அடியில் அலுமினியத் தட்டு, குடுவைக்கு ஏற்றபடி வெல்டிங் கடையில் அடித்த கரியர். சைலன்சர் மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன். சத்தம் கேட்டால் மாடு கலைந்துவிடும். உங்களுக்காக ஒன்று வாங்குவதென்றால் கணுக்காலை மூடும் சப்பாத்து வாங்குங்கள், செருப்போடு இந்த வேலை வேண்டாம்.

பழகுவதற்கு இறக்கக்கண்டி தாண்டிக் கடற்கரைப் பக்கம் வெளியான இடங்கள் இருக்கின்றன. ரயரில் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிவிட்டு காலையில் போங்கள், பனி ஈரத்தில் மணல் கொஞ்சம் இறுகியிருக்கும். கைப்பம்பு ஒன்று கட்டாயம் கொண்டுபோகவேண்டும், ரோட்டுக்கு ஏறுமுன் மறுபடி 25க்கு அடிக்கவேண்டும். காட்டுப் பக்கம் என்றால் வன இலாகா எல்லைக்கல்லைத் தாண்டவேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஆரைக் கம்பி, செயின், ஃபோர்க் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். அன்றைக்கே செய்யவேண்டும், அடுத்த நாள் என்று விட்டால் உப்பு வேலையைத் தொடங்கிவிடும்.