பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கி: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

யாழ்ப்பாணத்தில் கைத்துப்பாக்கி என்றாலே முகங்கள் மாறும். ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் ஜேர்மனியிலும் சுவிஸிலும் வளரும் எங்கள் பிள்ளைகளில் சிலர் மாலையில் சுடும் கழகத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒரு கழகத்தில் பல ஆண்டுகள் சுட்டுவிட்டு ஊர் திரும்பியவன் நான். அதனால் விடுமுறைக்குக் கொக்குவிலுக்கும் சுன்னாகத்துக்கும் வரும் தாய் தகப்பன்மார் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, பிள்ளைக்கு எதை வாங்குவது?"

முதலில் களத்தைச் சுருக்கிவிடுகிறேன். வெடிமருந்தால் சுடும் 9 மி.மீ. ரகங்களை இங்கே எடுக்கப் போவதில்லை. இங்கிலாந்தில் 1997இன் சட்டங்களுக்குப் பிறகு அவை பொதுமக்களுக்கு இல்லை என்றே சொல்லலாம். கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி விற்பனை முடக்கப்பட்டிருக்கிறது. எஞ்சுவது 1988 சியோல் முதல் ஒலிம்பிக்கில் இருந்துவரும் 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கி: பத்து மீற்றர் தூரத்து இலக்கை நோக்கி, அழுத்திய காற்றால் குண்டைத் தள்ளுவது. குண்டு பாயும் சக்தி 7.5 ஜூலுக்கு உட்பட்டு, உரிய முத்திரையும் இருந்தால், ஜேர்மனியில் 18 வயதானவர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே அதை வாங்கலாம். சிறுவர்கள் 12 வயதிலிருந்து பெற்றோரின் சம்மதத்துடன், கழகத்தின் மேற்பார்வையில் சுடலாம்.

விதிகள் எளியவை. 4.5 மி.மீ. ஈயக்குண்டு, ஒரு கை மட்டும். துப்பாக்கியின் எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. விசை, அதாவது சுட விரலால் இழுக்கும் பகுதி, 500 கிராமுக்குக் குறைந்த இழுப்பில் விழக் கூடாது. 75 நிமிடத்தில் 60 சூடுகள். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; ஒரு சட்டைப் பொத்தான் அளவு.

இப்போது விற்பனையாளர்கள் உரக்கச் சொல்லாத செய்தி. கீழே நான் பெயர் சொல்லும் எந்தத் துப்பாக்கியையும் இறுக்கிப் பூட்டி வைத்து, அதற்கு ஒத்துவரும் குண்டைப் போட்டுச் சுட்டால், அது பொத்தானைத் தவறவிடாது. 2009இல் தென்கொரியாவின் ஜின் ஜொங்-ஓ 600க்கு 594 எடுத்தார். மிச்சம் ஆறு புள்ளிகளைக் குழல் தின்றிருக்கும் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே 'எது துல்லியமாகச் சுடும்?' என்பது காசு செலவழிப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வியே அல்ல. விசை எப்படி விழுகிறது, கைப்பிடி எப்படிப் பொருந்துகிறது, காற்றை எங்கே நிரப்புவது: இந்த மூன்றைத்தான் கேட்க வேண்டும்.

மலிவான முனையில் ரஷ்யாவின் பைக்கால் ஐஷ்-46எம் இருக்கிறது. குழலின் கீழுள்ள நெம்பை ஒருமுறை இழுத்து மூடினால் ஒரு சூட்டுக்கான காற்று அடைபடும். சிலிண்டரும் இல்லை, நிரப்பும் தலைவலியும் இல்லை. விலையைப் பார்த்து இதன் விசையை எடைபோடாதீர்கள். சீராக்கிய பிறகு அது இதைவிடப் பல மடங்கு விலைபோன துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் நிற்கும். குறைகளும் வெளிப்படையானவை. எடை 1.3 கிலோவளவில், முன்பக்கம் கனக்கும். கைப்பிடி மரக்கட்டையாகவே வருகிறது, அரத்தை எடுத்து நீங்களே செதுக்க வேண்டும். அறுபது முறை நெம்பு இழுத்தபின் பதினான்கு வயதுப் பிள்ளையின் தோள் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. ரஷ்யா மீதான தடைகளுக்குப் பிறகு ஐரோப்பாவில் புதிதாகக் கிடைப்பதும் அரிது. பழையது நல்ல நிலையில் அகப்பட்டால் வாங்கலாம். இதே நெம்பு முறையில் ஜேர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 103 இன்னும் நயமானது, விலையும் அதற்கேற்றது.

நடுவில் ஹெமர்லி ஏபி20. சிலிண்டரில் அடைத்த காற்றில் இயங்குவது, எடை ஒரு கிலோவுக்கும் குறைவு, விலை ஆயிரம் யூரோவை ஒட்டியது. சிறிய கைகளுக்கு இதமானது. பல கழகங்கள் தொடக்கக்காரருக்கென்று இதை வாங்கி வைத்திருப்பது நியாயமே. ஆனால் உங்கள் சொந்தக் காசில் வாங்காதீர்கள் என்பேன். பிள்ளை இரண்டு ஆண்டில் இதைத் தாண்டிவிடும், அல்லது விளையாட்டையே விட்டுவிடும். இரண்டு வழியிலும் நட்டம் உங்களுக்குத்தான்.

உண்மையான போட்டி மேல்தட்டில், ஆஸ்திரியாவின் ஸ்டையர் இவோ 10க்கும் சுவிஸின் மொரினி சிஎம் 162 இஐக்கும் இடையில். இரண்டும் 1500 யூரோவுக்கு மேல். ஸ்டையரின் பெருமை அதன் அதிர்வுத் தாங்கி. சுடும் கணத்தில் உள்ளே ஒரு சிறு எடை எதிர்த்திசையில் நகர்ந்து உதைப்பை விழுங்கிவிடுகிறது. முன்குறி (குழல் நுனியில் குறிபார்க்கும் முனை) இலக்கை விட்டுத் துள்ளுவதில்லை, அதனால் குண்டு போன பிறகும் கை எங்கே நின்றது என்று கண் பார்த்துக்கொள்கிறது. பயிற்சியில் இதற்குள்ள மதிப்பு பெரிது. தன் பிழையைத் தானே காணும் பிள்ளை விரைவில் திருந்தும்.

மொரினியில் அந்தத் தாங்கி இல்லை. அதன் பலம் மின்னணு விசை. உலோகத்தில் உலோகம் உரசி விடுபடும் வேலையே இல்லை. தொட்டால் மின்சுற்று விடுவிக்கிறது. முதல் நாள் எப்படியோ ஐந்தாம் ஆண்டிலும் அப்படியே. குண்டில்லாமல் விசைப் பயிற்சி செய்யும்போது ஒவ்வொரு முறையும் எதையும் இழுத்துப் பூட்ட வேண்டியதும் இல்லை. வீட்டில் சுவரைப் பார்த்துச் செய்யும் அந்தப் பயிற்சியில்தான் பாதித் தேர்ச்சி வருகிறது என்பதால், இதைச் சின்ன வசதி என்று தள்ளமாட்டேன். பற்றரியை மறந்தால் மட்டும் அன்றைய நாள் போய்விடும்.

மின்னணுவோ இயந்திரமோ, போட்டி நடுவில் எதுவும் நிற்கலாம். டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இந்தியாவின் மனு பாக்கர் துப்பாக்கிக் கோளாறால் பெறுமதியான நிமிடங்களை இழந்து இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். 2024 பாரிஸில் வெண்கலம் வென்றார் என்பது வேறு கதை. ஆகவே உங்கள் நகரத்துக்குப் பக்கத்தில் எந்த நிறுவனத்தின் துப்பாக்கியைப் பழுதுபார்க்க ஆள் இருக்கிறது என்று விசாரியுங்கள். சுவிஸில் இருப்பவருக்கு மொரினி, தெற்கு ஜேர்மனியில் இருப்பவருக்கு ஸ்டையர் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

ஒரேயொன்றைக் கட்டாயம் தெரிவு செய்யச் சொன்னால் ஸ்டையர். ஆனால் கைப்பிடி பொருந்தாத ஸ்டையரைவிடப் பொருந்தும் எதுவும் மேல். எங்கள் பிள்ளைகளின் கைக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, சிறிய அளவே பெரும்பாலும் சரியாக வரும். கடையில் இருப்பதோ நடுத்தர அளவு. 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று பள்ளிச் சீருடை வாங்குகிற கணக்கை இங்கே போடாதீர்கள். கண்ணை மூடிக் கையை நீட்டித் திறந்தால் முன்குறியும் பின்குறியும் தாமாகவே ஒரு கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மணிக்கட்டு ஒவ்வொரு சூட்டிலும் திருத்தம் செய்துகொண்டே இருக்கும்.

பழையது வாங்குவோர் குழலைப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரில் பொறித்த திகதியைப் பாருங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சிலிண்டருக்கு விதிக்கும் ஆயுள் பத்து ஆண்டுகள். சர்வதேசப் போட்டிகளில் காலாவதியானதைக் கொண்டுபோக முடியாது. 'அரை விலை' என்று கிடைக்கும் துப்பாக்கிக்குப் புதுச் சிலிண்டரும் வேறு கைப்பிடியும் வாங்கினால் அரை விலை எங்கோ போய்விடும். அந்தக் கூட்டலைப் போட்ட பிறகும் மிச்சம் வந்தால், புதிய நடுத்தரத் துப்பாக்கியைவிடப் பழைய மேல்தட்டுத் துப்பாக்கியே என் தெரிவு. மிச்சக் காசுக்குத் தட்டைத்தலைக் குண்டுகளை 4.49 மி.மீ., 4.50 மி.மீ. என்று வேறு வேறு தலையளவுகளில் வாங்கிச் சோதியுங்கள்.

"யாழ்ப்பாணத்தில் சுட முடியாதா?" என்று சிலர் கேட்பார்கள். பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்துவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இலங்கையில் சுடுகலன்களை 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஆள்கிறது; பாதுகாப்பு அமைச்சின் எழுத்துமூல அனுமதி கையில் இல்லாமல் விமான நிலையத்தில் எந்த விளக்கமும் எடுபடாது. விளையாட்டுத் துப்பாக்கி பார்வைக்கு வைத்தியசாலை உபகரணம் போலிருந்தாலும் பொலிஸாருக்கு அது துப்பாக்கிதான்.

அனுமதி பெற்று, முறையான சுடுதளத்தில் சுடுபவருக்கு இங்கே என் தரவரிசை தலைகீழாகும். நெம்பு ரகமே முதலிடம். சிலிண்டருக்கு 200 பார் அழுத்தத்தில் உலர்ந்த காற்று வேண்டும். கடலட்டை பிடிக்கச் சிலிண்டருடன் குளிக்கிறவர்களுக்குக் காற்றடிக்கும் இயந்திரங்கள் கரையோரத்தில் உண்டு. அந்த அழுத்தம் போதும். ஆனால் ஈரம் வடிகட்டப்படாவிட்டால் வால்வு உள்ளிருந்தே அரிக்கும், எங்கள் உப்புக் காற்று வெளியிலிருந்து அரிக்கும். வேறு வழியில்லை என்று ஒட்டுவேலைக் கடையின் ஒட்சிசனை மட்டும் நிரப்பிவிடாதீர்கள். உள்ளே ஒரு துளி எண்ணெய் இருந்தாலே அது வெடிக்கும்.