மூன்று ஆடிக் காற்றைப் பார்த்த ஃபேன் வலை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குப் போகிற ரோட்டில்தான் என் கடை. கல்யாண ஆல்பம் டிசைன், வீடியோ எடிட்டிங். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் சித்தூர், கொல்லங்கோடு பக்கத்து ஆட்கள். கடைக்குப் பின்னால் ஒரு நார் மில்லின் களம். தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்த பிறகு மிஞ்சுகிற பழுப்புத் தூளை அங்கேதான் காயப்போடுவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி கடைசியில் கிளம்புகிற மேல்காற்று ஆவணி வரை ஓயாது. ஆடியில் கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துத்தான் வேலையே பார்ப்பேன். அப்படியும் மத்தியானச் சோற்றில் தூள் கிடக்கும், கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் கிடக்காதா?

2020-இல் வாங்கிய மெஷின், ரைசன் 5 3600 சிப், அதைக் குளிர்விக்கக் கூடவே பெட்டியில் வந்த கூலர்தான். 2022 வைகாசியில் ஒரு கல்யாண வீடியோ ரெண்டர் ஆகும்போது, அதாவது எடிட் செய்தது முழு வீடியோவாக மாறும்போது, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக இழுத்தது. சாஃப்ட்வேர் கோளாறு என்று நினைத்து அதை அழித்துத் திரும்பப் போட்டு ஒரு நாளை வீணாக்கினேன். அப்புறம்தான் சூடு எவ்வளவு என்று பார்க்கத் தோன்றியது. 95 டிகிரி. இந்தச் சிப்புக்கு அதுதான் உச்ச வரம்பு, அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓட வேண்டியது 3.2-இல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கூலர் ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் சூட்டை இழுக்கிற உலோகத் தகடுகள், அதாவது ஹீட்சிங்க், மேலே அடை தட்டின மாதிரி வட்டமாக, பழுப்பாக ஒரு படலம். நகத்தால் ஓரத்தைத் தூக்கினேன், கிழியாமல் முழுசாக வந்தது!

நார்த்தூளின் குணம் அது. காய்ந்தால் பஞ்சு மாதிரி மிதக்கும், ஈரம் பட்டால் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், அதனால்தான் மண்ணில்லாமல் செடி வளர்க்க அதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். சாரல் நாளில் காற்றில் இருக்கிற ஈரம் போதும், உள்ளே போன தூள் பொதுபொதுவென்று ஒட்டிக்கொள்ளும். ப்ளோவர் அடித்தால் நகராது, பிரஷ்ஷால்தான் சுரண்ட வேண்டும். சாதாரண ரோட்டுத் தூசிக்கு எழுதிய யோசனைகள் எனக்குப் பாதிதான் பொருந்தின.

சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில், "சூடு மேலதானுங்ணா ஏறும், மேல ரெண்டு ஃபேன் போட்டுரலாம்" என்று சொல்லி மேலே இரண்டு எக்ஸாஸ்ட் போட்டு அனுப்பினார்கள். முதல் வாரம் சூடு குறைந்தது உண்மை. மூன்றாவது வாரம் யுஎஸ்பி ஓட்டைக்குள் தூள், டிவிடி டிரைவ் இடுக்கில் தூள், கார்டு செருகாத காலி ஸ்லாட்டுகளின் ஓரத்தில் மீசை மாதிரி தூள். ஏன் என்று புரிய எனக்கு ஒரு ஊதுபத்திதான் உதவியது. வெள்ளிக்கிழமை சாமிக்கு ஏற்றியது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேபினெட்டின் பின்புறம் ஒவ்வொரு சந்தாகக் காட்டினேன். புகை எல்லா இடத்திலும் உள்ளே இழுபட்டது. முன்னால் உள்ளே தள்ளுகிற ஃபேன் இரண்டு, வெளியே இறைக்கிற ஃபேன் மூன்று. பற்றாத காற்றை எந்த ஓட்டை கிடைத்தாலும் அது வழியாக உறிஞ்சியிருக்கிறது. இப்படி இருக்கும்போது முன்னால் எவ்வளவு நல்ல ஃபில்டர் மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை, வாசலில் ஆள் நிறுத்திவிட்டு ஜன்னலெல்லாம் திறந்து வைத்த கதைதான்.

மேலே போட்ட இரண்டையும் கழற்றிவிட்டேன். அந்த ஓட்டைகளைப் பழைய ஆல்பம் அட்டையை வெட்டி டேப் போட்டு மூடினேன். முன்னால் இரண்டு உள்ளே, பின்னால் ஒன்று வெளியே. மறுபடி ஊதுபத்தி. இந்த முறை சந்துகளில் புகை வெளிப்பக்கமாக விலகியது. ஃபில்டர் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் இதைச் செய்துவிட்டுக் காசைச் செலவழியுங்கள். சாம்பல் விழுந்துவிடாமல் கொஞ்சம் பார்த்துப் பிடியுங்கள்.

ஃபில்டரில் முதலில் வாங்கியது கறுப்பு ஸ்பாஞ்ச். மலிவு, தூளையும் நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் ஒரு வருஷம் கழித்துக் கழுவ எடுத்தபோது விரலில் ஊறின ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. நம் ஊர் ஈரத்துக்கும் சூட்டுக்கும் அந்த ஸ்பாஞ்ச் அப்படித்தான் மக்கும், உதிர்ந்த துகளை ஃபேனே உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளும். கொசுவலையை வெட்டி ஒட்டியும் பார்த்தேன், கண் பெரிது, முடியும் நூலும் நிற்கும், தூள் தாராளமாகப் போகும். கடைசியில் நிலைத்தது காந்தச் சட்டம் வைத்த மெல்லிய வலை, 120 மிமீ ஃபேன் அளவு. தகரத்தில் வைத்தால் சப்பென்று ஒட்டும், எடுக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அம்மா பார்த்துவிட்டு, "இதென்ன கண்ணு, டீ வடிகட்டியத் தட்டையாக்கி வெச்ச மாதிரி இருக்குது" என்றார். அதேதான்.

வலை போட்டால் காற்று குறையும், அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே சுத்தம் செய்த கையோடு, வலை இல்லாமல் ரெண்டர் ஓட்டியபோது 81 டிகிரி. புது வலையோடு 84. ஆடியில் மூன்று வாரம் கழுவாமல் விட்டபோது 90. கடை உள்ளே 33 டிகிரி இருக்கும்போது எடுத்த கணக்கு இது. மூன்று டிகிரிக்குப் பயந்து வலை வேண்டாம் என்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன், ஏசி போட்ட மூடிய அறையில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

கழுவுவதுதான் இதில் பெரிய வேலை, அந்தச் சோம்பல் இருப்பவர்கள் வாங்கவே வேண்டாம், அடைத்த வலை வலையே இல்லாததைவிட மோசம். தை, மாசியில் மாதம் ஒரு தடவை போதும். ஆனி, ஆடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும். முதலில் மெஷினை நிறுத்திவிட வேண்டும், ஓடும்போது பிடுங்கினால் ஒட்டியிருந்தது அத்தனையும் உள்ளே போகும். வெளியே கொண்டுபோய் முதலில் தட்ட வேண்டும், நேராகத் தண்ணீரில் காட்டினால் நார்த்தூள் ஊறிக் கண்களை அடைத்துக்கொள்ளும். அப்புறம் பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள், பழைய டூத்பிரஷ். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எல்லாக் கண்ணும் தெரிய வேண்டும். வெயிலில் காயப்போட்டு ஒன்றை வீணாக்கினேன், சட்டம் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. நிழல்தான். சாரலில் ஒரு நாளானாலும் காயாது, அதனால் இரண்டு செட் வைத்திருக்கிறேன், ஒன்று கொடியில், ஒன்று மெஷினில்.

வலை எல்லாவற்றையும் நிறுத்தாது. மாவு மாதிரி நைசான தூள் உள்ளே போகத்தான் செய்கிறது. முன்பு இரண்டு மாதத்தில் சேர்ந்தது இப்போது எட்டு மாதத்தில் சேர்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம், எனக்கு அதுவே பெரிது. வருஷத்துக்கு இரண்டு தடவை பக்கவாட்டுக் கதவைத் திறந்து ப்ளோவர் அடிக்கிறேன். அடிக்கும்போது ஃபேன் சுற்றக் கூடாது, அந்த வேகத்தில் பேரிங் போய்விடும். என் பின்பக்க ஃபேன் ஒன்று அப்படித்தான் கிரீச்சிட ஆரம்பித்தது. இப்போது தென்னை ஈர்க்கு ஒன்றை இறக்கைகளுக்கு நடுவே செருகிவிட்டுத்தான் அடிக்கிறேன், அதற்கு இங்கே பஞ்சமில்லை.

இன்னொன்று, கேபினெட்டைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஃபேன் அடியிலிருந்துதான் காற்றை இழுக்கிறது, காலையில் சீமாறு போடுகிற தூசி முழுக்க அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஓர் அடி உயர மர ஸ்டூலில் வைத்த பிறகு அந்த ஃபேனுக்கு மாட்டிய அடிவலையில் சேர்வது பாதியாகிவிட்டது. பல்லி ஏறுவதும் நின்றது, முன்பு ஒரு முறை காலி ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் இரண்டு முட்டை வைத்திருந்தது, அதை யாரிடம் போய்ச் சொல்ல?

மூன்றாவது ஆடியும் போய் இப்போது ஆவணி. முன்வலைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. அடிவலையில் மட்டும் ஒரு மூலை சட்டத்திலிருந்து பிரிந்தது, அம்மா கறுப்பு நூலில் நாலு தையல் போட்டுக் கொடுத்தார், நேற்று கழுவிப் பார்த்தேன், பிடித்துக்கொண்டிருக்கிறது.