ஒரே 64 ஜிபி போனில் ஐந்து ஆண்டுகள்: இடம் எங்கே போகிறது?

2022 ஜூலை 6. கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு கும்பாபிஷேகம். அப்போது கோவையில் வேலை. லீவு சொல்லிவிட்டு முந்தின நாளே ஊருக்கு வந்திருந்தேன். துபாயில் இருக்கும் அண்ணன் "வீடியோ எடுத்து அனுப்புடே" என்று மூன்று தடவை சொல்லியிருந்தான். கூட்டத்துக்கு நடுவே போனை உயர்த்திப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், சேமிப்பிடம் இல்லை என்று வந்தது. எதை அழிப்பது என்று நான் தடவிக்கொண்டிருந்தபோதே கலசத்தில் தீர்த்தம் ஊற்றி முடித்துவிட்டார்கள். அண்ணனுக்கு அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த போனை 2020 டிசம்பரில் வாங்கினேன். 64 ஜிபி. இன்றும் அதுதான் கையில் இருக்கிறது. இதை எழுதும்போது 12 ஜிபி காலியாகக் கிடக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன்.

முதலில், 64 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அவ்வளவும் நமக்குக் கிடைக்காது. போனின் சிஸ்டமே பத்து ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மீதியை நான் எடுத்த படங்கள்தான் தின்கின்றன என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறந்து பார்த்தபோது வாட்ஸ்அப் மட்டும் 19 ஜிபி! நான் எடுத்த படங்கள் அதில் பாதிகூட இல்லை.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' இருக்கிறது. பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனியாக, 5 எம்பிக்கு மேல் உள்ளவை தனியாக, அப்புறம் எந்தக் குரூப் எவ்வளவு தின்றிருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும். என் போனில் முதலிடம், மார்த்தாண்டத்தில் நடந்த சித்தி மகள் கல்யாணத்துக்காகத் தொடங்கிய குரூப்புக்கு, 4 ஜிபிக்கு மேல். ஒரே தாலி கட்டு வீடியோவை ஆறு பேர் போட்டிருந்தார்கள், ஆறும் தனித்தனியாக என் போனில். அடுத்தது ரப்பர் விலை குரூப். கோட்டயத்தில் ரப்பர் வாரியம் சொல்லும் ஆர்எஸ்எஸ் 4 என்ற ரப்பர் ஷீட் ரகத்தின் விலையை தினமும் படமாகப் போடுவார்கள். ஷீட் விற்கிற வீட்டில் அது வேண்டும்தான், ஆனால் அன்றைக்கு மட்டும். இரண்டு வருட விலையைச் சுமந்துகொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. நாம் எடுத்த வீடியோவை யாருக்காவது அனுப்பினால், கேமராவில் ஒரு பிரதி, வாட்ஸ்அப்பின் 'சென்ட்' ஃபோல்டரில் இன்னொரு பிரதி என்று இரண்டாகிவிடும். அந்த ஃபோல்டரை ஃபைல் மேனேஜரில் தேடிப் பார்த்து காலி செய்ததில் எனக்கு 3 ஜிபி கிடைத்தது. கேலரியில் வாட்ஸ்அப் படங்கள் தெரியாமல் நிறுத்தி வைத்தால் இடம் மிச்சமாகும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது படங்களைக் கண்ணில் இருந்து மறைக்கும், அவ்வளவுதான். நிறுத்த வேண்டியது ஆட்டோ டவுன்லோடை. அதை நிறுத்தியதில் இருந்து, வேண்டியதைத் தொட்டால்தான் இறங்குகிறது. இந்த ஒரு மாற்றம்தான் மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது.

அழித்த பிறகும் இடம் கூடவில்லை என்றால் கேலரியின் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் அழித்த படம் 30 நாள் அங்கேயே கிடக்கும். முதல் தடவை இது தெரியாமல் ஒரு மணி நேரம் குழம்பினேன்.

ஆப்கள் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் 'கேச்' ஃபைல்களை அழிப்பதில் பயமில்லை. டெலிகிராமில் அப்படி அழித்தாலும் சேனல் ஃபைல்கள் அவர்கள் சர்வரில் இருக்கும், மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பக்கத்திலேயே இருக்கும் 'டேட்டா' அழிப்பதை மட்டும் வாட்ஸ்அப்பில் தொட்டுவிடாதீர்கள், பேக்கப் இல்லாவிட்டால் பேச்சு முழுக்கப் போய்விடும். 'க்ளீனர்' என்று விளம்பரத்தில் வரும் ஆப்களில் இரண்டைப் போட்டுப் பார்த்துத் தூக்கிவிட்டேன். போனிலேயே இருக்கிற வசதியைத் தாண்டி அவை எதுவும் செய்யவில்லை, விளம்பரங்கள்தான் கூடுதல்.

கூகுள் போட்டோஸில் ஒரு காலத்தில் அளவில்லாமல் ஏற்றினோம். 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்கள் 15 ஜிபி கணக்கில் சேர்கின்றன, அதுவும் ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து. 2024-இல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே கணக்குக்குள் வந்துவிட்டது. அதனால் பேக்கப்பில் வீடியோ வேண்டாம் என்று வைத்துவிட்டேன். போட்டோஸில் 'இடத்தைக் காலி செய்' என்பது பேக்கப் ஆன படங்களின் போன் பிரதியை மட்டும் நீக்கும். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அழித்தால் கூகுளில் உள்ள பேக்கப் பிரதியும் போய்விடும். இரண்டும் ஒன்றல்ல. மலையோரம் உள்ள எங்கள் வீட்டில் சிக்னல் எப்போதும் ஒழுங்காக இருக்காது. அதனால் பேக்கப் முடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அந்தப் பொத்தானைத் தொடுவேன், பெரும்பாலும் நாகர்கோவிலில் அக்கா வீட்டு வைஃபையில்.

இவ்வளவு கவனம் வந்ததற்குக் காரணம் ஒரு மெமரி கார்டு. கும்பாபிஷேகம் முடிந்த வாரமே, விலை குறைவு என்று பெயர் தெரியாத ஒரு 128 ஜிபி கார்டை வாங்கிப் போட்டேன். எல்லாப் படங்களையும் அதற்கு மாற்றினேன். பிரதி எடுக்கவில்லை, மாற்றினேன். அம்மா அன்றே சொன்னாள், "மக்களே, பாட்டிக்க போட்டோ ஒண்ணையும் களஞ்சிராத." களையவில்லை அம்மா, பத்திரமாக வைக்கிறேன் என்றேன். 2023-இல் பாட்டி இறந்து இரண்டு மாதம் கழித்து அந்தக் கார்டு திறக்கவில்லை. ரிப்பேர் கடையில் ஒரு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்தார்கள். முற்றத்தில் அவள் பலா வெட்டிக்கொண்டிருக்கும் படம், கடைசி பொங்கல் படம், எல்லாம் அதோடு போயிற்று. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இப்போது எந்தப் படமும் இரண்டு இடத்தில் இருந்தால்தான் போனில் இருந்து நீக்குகிறேன். ஒன்று போட்டோஸ், இன்னொன்று ஓடிஜி என்ற சின்ன இணைப்பான் வழியாகப் போனில் செருகும் பென் டிரைவ். மாதத்தின் கடைசி ஞாயிறு அதற்கு அரை மணி நேரம். கேமராவில் வீடியோ தரத்தை 4கே-யில் இருந்து 1080பி-க்கு இறக்கிவிட்டேன். 1080பி-யிலேயே ஒரு நிமிட வீடியோ 100 எம்பியைத் தாண்டும், 4கே அதைப் போல மூன்று மடங்கு. அண்ணன் தன் போனில் பார்ப்பதற்கு இது தாராளம்.

வாய்ஸ் மெசேஜ்களை மட்டும் எந்தச் சுத்தத்திலும் நான் தொடுவதில்லை. ஒரு நிமிடப் பேச்சு சில நூறு கேபிதான், அழித்து ஒரு இடமும் கிடைக்காது. நான் கோவையில் இருந்த காலத்தில் பாட்டி அம்மாவின் போனை வாங்கி, "சாப்பிட்டியாடே, அங்க மழை உண்டா" என்று பேசி அனுப்பியவை கார்டுக்குப் போகாமல் வாட்ஸ்அப்பிலேயே தங்கியிருந்தன. நாற்பத்தொன்று இருக்கின்றன, எல்லாம் சேர்த்து 6 எம்பி. அவற்றைப் பென் டிரைவிலும் போட்டு, அண்ணனுக்கும் அனுப்பிவிட்டேன்.